இருபத்திரண்டு அடுக்குச் சட்டை

ஏப்ரல் 8, திங்கள்

பதினொரு மணி டீக்கு மோகன்குமார் தம்பி போனைப் பார்த்து ஒரு சேதி படித்தார். அறுநூறு வருசத்துக்கு முன்னால் சீமையில் பெரிய மனுசர்கள் போட்ட செருப்புக்கு மூக்கே ஒரு முழம் இருக்குமாம். நடந்தால் இடறும் என்று அந்த மூக்கில் சங்கிலி கோத்து முழங்காலோடு மாட்டிக்கொள்வார்களாம். எந்த அந்தஸ்துக்கு எத்தனை நீளம் என்று சட்டம் வேறு இருந்ததாம்.

"அப்ப இந்தக் கொட்டகையில உங்களுக்கு மட்டுந்தானுங்க தம்பி மூக்கு. எங்களுக்கெல்லாம் வெறுங்காலு" என்றேன்.

பக்கத்து மிஷின் லோகப்பிரியா டீயைத் துப்பிவிட்டாள். தம்பியும் சிரித்தார். முதலாளி சிரித்தால் டீ நேரம் ஐந்து நிமிடம் கூடும். அதற்காகவே நான் வாயைத் திறப்பது.

நாங்கள் தைப்பதும் அந்தக் காலத்துச் சட்டைதான். போர்வீரன் இரும்புச் சட்டைக்கு உள்ளே போடுகிற மெத்தைச் சட்டை. இருபத்திரண்டு அடுக்கு காடாத் துணி, நடுவில் கழிவுப் பஞ்சு. சனி ஞாயிறு ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் இதை மாட்டிக்கொண்டு மைதானத்தில் ஒருத்தரை ஒருத்தர் அடித்துக்கொள்வார்களாம். கூலி இல்லாமல் அடி வாங்குகிறார்கள். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தால் அங்கே அனுப்பி வைத்திருப்பேன்.

இருபது வருசம் இதே கொட்டகையில் தறி ஓட்டினேன். தறியெல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டது. நான் போகவில்லை.

ஏப்ரல் 10, புதன்

மூன்று ஊசி முறிந்தது. ஒன்று என் விரலுக்குள்.

ஏப்ரல் 12, வெள்ளி

அந்தக் காலத்து அழகிகள் நெற்றி அகலமாகத் தெரிய முன்மயிரைப் பிடுங்கிக்கொள்வார்களாம். புருவத்தையும் விட மாட்டார்களாம். தம்பி படித்து முடிப்பதற்குள் நான் அவர் தலையைப் பார்த்தேன். லோகப்பிரியா என்னைப் பார்த்தாள்.

"தம்பி பிடுங்காமயே அழகாயிட்டு வாராருங்க."

கந்தப்பண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் எப்போதும் அப்படித்தான். யாரைக் கேலி செய்தாலும், தன்னைச் செய்தாலும், பொத்திக்கொண்டு ஒரே சிரிப்பு. தறி இருந்த காலத்தில் அவர் ஃபிட்டர். ஒரு தறி இருமினால் அடுத்த தெருவில் இருந்தே எந்தத் தறி என்று சொல்வார். இப்போது கூட்டுகிறார், துணி வெட்டுகிறார், பேல் மூட்டை கட்டுகிறார். ஆறடி உயரம், தென்னங்குச்சி உடம்பு. எதைச் சொன்னாலும் "ஆகட்டுங்க". இரண்டு வார்த்தை பேசினால் ஒன்று அதுதான். அதனால் நான் வைத்த பேர் 'ஆகட்டும் அண்ணன்'. இப்போது டீக்கடைக்காரனே அப்படித்தான் கூப்பிடுகிறான்.

ஏப்ரல் 16, செவ்வாய்

இன்று வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தக் காலத்தில் பன்றி மேலேயும் வழக்குப் போடுவார்களாம். ஒரு பன்றி குழந்தையைக் கொன்றுவிட்டது என்று நீதிபதி, சாட்சி எல்லாம் வைத்து விசாரித்துத் தூக்கில் போட்டார்களாம். ஒரு ஊரில் பன்றிக்கு மனுசச் சட்டை மாட்டித் தூக்கினதாகவும் சொல்கிறார்களாம்.

விடுவேனா? காலையில் டீ பன் ஒன்று குறைந்திருந்தது. கந்தப்பண்ணனைக் குற்றவாளி ஆக்கினேன். தம்பி நீதிபதி. லோகப்பிரியா சாட்சி. காடாத் துணியை அவர் தோளில் போட்டு "பன்னிக்குச் சட்டை போட்டாச்சுங்க எசமான்" என்றேன். தம்பி போனாலேயே மேசையைத் தட்டித் தீர்ப்புச் சொன்னார். அண்ணன் கையைக் கட்டி நின்று, "ஆகட்டுங்க."

டீ முடிந்து போகும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார். "அம்மணி, நெசமாலுமே அந்தப் பன்னியத் தூக்குல போட்டுப்போட்டாங்களா?"

"போட்டாங்களாமுங்கண்ணா."

"குட்டி இருந்துச்சுங்களா?"

தம்பியிடம் கேட்டுச் சொன்னேன். குட்டிகளை விட்டுவிட்டார்களாம், வயசு பத்தாது என்று.

"அது போதுமுங்க" என்றார்.

பன்னைத் தின்றது நான்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட லீவு. தூங்கினேன்.

ஏப்ரல் 22, திங்கள்

வாங்குகிற வெளிநாட்டுக்காரன் வீடியோ கேட்டிருக்கிறானாம். ஒரு ஆள் மெத்தைச் சட்டை போட்டு, அதற்கு மேல் இரும்பு வளையச் சட்டை போட்டு, தலையில் இரும்புக் குல்லாயும் வைத்து, ஒரு மணி நேரம் நடந்து உட்கார்ந்து கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். தையல் எங்கும் விடக்கூடாது. சரியாக வந்தால் ஒரு வருசத்துக்கு வேலை. வராவிட்டால் கொட்டகையைப் பூட்டிவிடுவேன் என்று தம்பி சொல்லவில்லை. சாவியை மேசையில் எடுத்து வைத்துவிட்டுப் பேசினார்.

வெள்ளைக்காரன் உயரத்துக்கு இங்கே ஒரே உடம்புதான்.

"ஏனுங்கண்ணா, போட்டுக் காட்டறீங்களா?"

"ஆகட்டுங்க."

வளையச் சட்டையின் பாரம் முழுவதும் தோளில் இறங்காமல் இருக்க, எட்டு இடத்தில் நாடா வைத்து அதை மெத்தைச் சட்டையோடு கட்ட வேண்டும். வந்த காகிதத்தில் படம் போட்டிருந்தது. ஒரு பக்கம் இழுத்தால் அவிழ்கிற பூ முடிச்சு. படத்தில் இருந்தபடி கட்டினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு ரிப்பன் கட்டின மாதிரி இருந்தது.

பத்து நிமிடம்தான். மனுசன் கைக்கு எட்டின நாடாவையெல்லாம் இழுத்து அவிழ்த்து, மற்றதை லோகப்பிரியாவை அவிழ்க்க வைத்து, குனிந்து உதறிப்போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். தம்பி கோபமே படவில்லை. "இப்படிப் பண்ணலாமுங்களாண்ணா? வியாழக்கிழமை இன்னொருக்கா எடுத்துக்கலாமுங்க. முழுசா நிக்கோணுமுங்க." அவ்வளவு மரியாதை.

ஏப்ரல் 24, புதன்

கந்தப்பண்ணன் என் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் நூல் மாற்றும் வரைக்கும் கீழே கிடந்த பிசிறைப் பொறுக்கினார்.

"அம்மணி, ஒரு ஒத்தாசை. பிரசர் மாத்திரை தின்னுட்டிருக்கறனுங்க. வெயில்ல நிக்கப்படாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்குதுங்க. நீங்க தம்பிகிட்டச் சொன்னீங்கன்னா..."

"உங்க வாயில பூட்டா போட்டிருக்குது? நீங்களே சொல்லுங்க."

"நான் எப்படிங்க சொல்றது?"

டீக்குத் தம்பி படித்தது: இரும்புச் சட்டைக்காரர்களில் கத்தி பட்டுச் செத்தவர்களைப் போல வெயிலிலும் தாகத்திலும் செத்தவர்களும் உண்டாம். காயமே இருக்காதாம், அப்படியே குதிரையில் இருந்து சரிவார்களாம்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"நம்ம அண்ணனுக்கு டாக்டரம்மா வெயிலே ஆகாதுன்னு சொல்லிட்டாங்களாமுங்க தம்பி. வெத்தலைக் கொடியாமா, நெழல்லதான் வளருவாராமா."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பி, "அப்படிங்களாண்ணா?" என்றார். அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு, "சும்மாங்க, அம்மணி வெளையாட்டுக்குச் சொல்றாங்க."

ஆக, நான் சொல்லிவிட்டேன். கேட்டபடி சொல்லியாயிற்று.

ஏப்ரல் 25, வியாழன்

இன்று எழுத வரவில்லை. கையெல்லாம் வெட்டு.

ஏப்ரல் 26, வெள்ளி

கொட்டகை லீவு. அண்ணன் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லையாம்.

எழுதிவிடுகிறேன். யாரிடம் சொல்ல முடியும் இதை.

நேற்று நான்தான் கட்டினேன். எட்டு நாடாவும் நான்தான். பூ முடிச்சு கட்டவில்லை. போன தடவை அவிழ்த்துக்கொண்டு ஓடினாரே, இந்தத் தடவை பார்க்கலாம் என்று தறி முடிச்சுப் போட்டேன். தறியில் பாவு நூல் அறுந்தால் போடுவோமே, அது. கட்டைவிரல் நகத்தில் ஒரு சுற்று, ஒரு இழுப்பு, அவ்வளவுதான். இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது. வால் நீண்டிருந்தால் தறி அச்சின் பல்லில் மாட்டி மறுபடி அறும், அதனால் ஒட்ட நறுக்கிவிடுவோம். நாடா வாலையும் ஒட்ட நறுக்கினேன். நறுக்கி நறுக்கி எல்லாருக்கும் காட்டினேன். "இன்னிக்கு மாப்பிள்ளை ஓட முடியாது, தாலி ஏறியாச்சு." லோகப்பிரியா மிஷினில் தலையை வைத்துச் சிரித்தாள். அண்ணனும் சிரித்தார். பொத்திக்கொள்ள வாய் வரைக்கும் கை மடங்கவில்லை அவருக்கு. அப்போதுதான் பார்த்தேன், அவருக்கு முன்பல் இரண்டு இல்லை.

பதினொன்றரைக்கு வாசலில் விட்டார்கள். வெயில் எப்படி என்றால், தரையில் ஊற்றின தண்ணீர் பார்க்கும்போதே போய்விட்டது. தம்பி வேப்பமர நிழலில் நின்று போனில் எடுத்தார்.

"முடியுதுங்களாண்ணா?"

"முடியுதுங்க."

ஒவ்வொரு சுற்றுக்கும் இதே கேள்வி, இதே பதில். நல்ல மரியாதை இரண்டு பேருக்கும்.

அரை மணிக்கு மேலே பதில் வரவில்லை. "மவராசன் மௌன விரதமுங்க" என்றேன். அடுத்த சுற்றில் என் பக்கத்தில் வந்து நின்றார். முகம் செங்கல் மாதிரி. வேர்வை நின்றுபோயிருந்தது. எனக்கு அப்போது தெரியவில்லை. வேர்க்காமல் இருக்கிறாரே, பழகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"அம்மணி, சித்த அவுத்து உடறீங்களா" என்றார்.

நான் என்ன சொன்னேன்? "அவுத்து உட்டா கோட்டை போயிருமுங்க ராசா, இன்னொரு சுத்து போயிட்டு வாங்க" என்றேன். சொன்னேன். அப்படியேதான் சொன்னேன்.

"ஆகட்டுங்க" என்று போனார்.

பாதிச் சுற்றில் விழுந்தார். சத்தம் பேல் விழுந்த மாதிரிதான் இருந்தது. லோகப்பிரியா அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தாள், நடிக்கிறார் என்று.

கழற்ற முடியவில்லை. வளையச் சட்டையைத் தலைவழி உருவ வேண்டும். அது மெத்தைச் சட்டையோடு எட்டு இடத்தில் கட்டி இருக்கிறது. முடிச்சைப் பிடிக்க வால் இல்லை. நகத்தை வைத்தால் நகம் போகிறது. நூல் கத்தரியின் மூக்கு தடிமன், முடிச்சுக்கு அடியில் நுழையவில்லை. யாரோ குடத்துத் தண்ணீரை ஊற்றினார்கள். இருபத்திரண்டு அடுக்கும் குடித்தது. பாரம் இரண்டு மடங்கு. நாடா நனைந்து கல்லாய்ப் போச்சு. துணி வெட்டுற கத்திய எடுத்துட்டு ஓடியாந்தேன். கத்தி என் கையிலயும் இறங்குது. ஒன்னு அறுத்தேன், ரெண்டு அறுத்தேன். அவரு கண்ணு தெறந்துதான் இருந்துச்சு. என்னையத்தான் பாத்துச்சு. எட்டும் அறுக்கக் கால் மணி நேரம். கால் மணி நேரம் சாமி. ஒரு இழுப்புல அவுர்ற முடிச்சு, படம் போட்டுக் குடுத்திருந்தான்.

உள்ளே உடம்பு அடுப்பு மாதிரி இருந்தது.

ஏப்ரல் 27, சனி

சாயங்காலம் போய்விட்டார்.

ஏப்ரல் 28, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. கந்தப்பண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம் குழந்தையம்மாள் என் கையைப் பிடித்து, கையில் இருக்கிற வெட்டையெல்லாம் பார்த்து, "நீங்கதானுங்களே அறுத்து உட்டது" என்று அழுதது. கட்டினது யார் என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

தம்பி ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். "உக்காருங்கக்கா." ஜூஸ் வாங்கி வைத்திருந்தார். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட ஒரு காகிதம் வேண்டுமாம். தட்டச்சு செய்து வைத்திருந்தது. நான் ஐந்தாவதுதான். எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தேன். 'அன்று காலை மது அருந்தி வந்திருந்தார். நாங்கள் சொல்லியும் கேளாமல் தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்தார்.'

"அவரு குடிக்க மாட்டாருங்களே தம்பி."

தம்பி மேசை டிராயரைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வைத்தார். அறுத்த நாடாத் துண்டுகள். எட்டு முடிச்சு.

"நானும் தறிக்குள்ளயே வளந்தவனுங்கக்கா. எடது கை முடிச்சு வேற மாதிரி படுத்திருக்குமுங்க. நம்ம கொட்டகையில எடது கை நீங்க ஒருத்தருதானுங்க. உங்களுக்கோசரந்தான் சொல்றனுங்க."

இடது கையாலேயே போட்டேன் கையெழுத்தை. லோகப்பிரியா எனக்கு முன்னாலேயே போட்டிருந்தாள்.

ஜூஸையும் குடித்தேன்.

மே 4, சனி

சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது திரும்பி வந்துவிட்டேன்.

மே 7, செவ்வாய்

குடித்தார் என்கிற பேச்சு சோமனூர் ஊர் முழுவதும் பரவிவிட்டது. சந்தையில் வெங்காயம் போடுகிறவன் சொல்கிறான், "சரக்குப் போட்டுட்டு வெயில்ல ஆடுனாராமுங்களே." காகிதத்தில் இருந்தது நடந்தார் என்று. ஆடினார் என்பது ஊர் சேர்த்துக்கொண்டது. இப்படிச் சேர்க்கிற வேலை முன்பு என்னுடையது.

குழந்தையம்மாள் வழியில் நிறுத்திக் கேட்டுவிட்டது.

"அம்மணி, உங்ககிட்டக் கேட்டாத்தான் தெரியும். தெனமும் ஊட்டுக்கு வந்து நீங்க பேசுனதத்தான் பேசுவாரு. செருப்பு மூக்கு, பன்னிக் கேசு எல்லாம். அம்மணி இப்படிச் சொன்னாங்க, அம்மணி அப்படிச் சொன்னாங்கன்னு. உங்களுக்குத் தெரியாம இருக்காது. அவரு குடிச்சிருந்தாருங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. மூன்று எழுத்து.

"எனக்குத் தெரியாதுங்கக்கா" என்றேன்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட அது என்னோடு சண்டைக்கு வந்திருக்கும். தெரியாது என்றதும் அதன் முகம் மாறிப்போனது. உண்மையை மறைக்கிறேன், நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டது. என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனது.

மே 12, ஞாயிறு

இன்று பதினாறாம் நாள். சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். வீட்டில் இருந்தே வார்த்தையைக் கோத்துக்கொண்டு போனேன். அக்கா, அவர் குடிக்கவில்லை, முடிச்சு என்னுடையது. இவ்வளவுதான்.

வாசலில் பந்தல் இல்லை, ஆள் இல்லை. குழந்தையம்மாள் அவர் சட்டையெல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் மோந்து பார்த்துவிட்டு மூட்டையில் வைத்தது.

"படையல் போடலீங்களாக்கா?"

"என்னத்தப் படைக்கறது? சாராயத்தைப் படைக்கோணுமாக்கும். முப்பத்தோரு வருசம். பொழுதோட லேட்டா வருவாரு. தறி ரிப்பேருன்னு சொல்லுவாரு. நம்புனேன். இப்ப ஒவ்வொரு நாளா எடுத்து வெச்சுப் பாக்கறேன், எந்த நாளு எங்க போயிருப்பாருன்னு."

தறி ரிப்பேர்தான். இரண்டாம் ஷிப்டில் என் தறிதான் அடிக்கடி நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்து அவரைக் கிண்டல் செய்துகொண்டே பொழுதை ஓட்டுவேன்.

வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அப்போது குழந்தையம்மாள் சொன்னது: "தம்பி எனக்கு வேலை போட்டுத் தாரேன்னாருங்க. அந்தக் காகிதத்துல எல்லாம் இருக்குது, கேசு கீசு வேண்டாமுங்கன்னாரு. நானும் செரின்னுட்டேன்."

மூட்டையைக் கட்டக் கயிறு பிடிக்கச் சொன்னது. பிடித்தேன். முடிச்சை அதுவே போட்டுக்கொண்டது.

மே 20, திங்கள்

ஆர்டர் வந்துவிட்டது. முதல் நாற்பது நிமிட வீடியோவை மட்டும் வெட்டி, பாட்டுப் போட்டு அனுப்பினாராம், வெளிநாட்டுக்காரன் அதுவே போதும் என்றானாம். போனில் காட்டினார். அண்ணன் நடக்கிறார், உட்கார்கிறார், கையைத் தூக்குகிறார். தையல் எங்கும் விடவில்லை. நடுவில் ஒரு இடத்தில் கேமரா பக்கம் திரும்பிச் சிரிக்கிறார், நான் ஏதோ சொல்லியிருக்கிறேன். என் குரல் அதில் இல்லை, பாட்டுத்தான் கேட்கிறது.

கிட்டத்தட்ட நாலு வாரத்துக்குப் பிறகு டீக்குத் தம்பி மறுபடி படித்தார். சண்டையில் விழுந்து கிடக்கிற இரும்புச் சட்டைக்காரனுக்கு இடுக்கு வழியாக விட்டுக் கதையை முடிக்க ஒல்லியாக ஒரு கத்தி வைத்திருப்பார்களாம். அந்தக் கத்திக்குக் கருணை என்று அர்த்தம் வருகிற பேராம்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கிளாசைக் கழுவப் போய்விட்டேன்.

மே 27, திங்கள்

மழை. கொட்டகை ஒழுகுகிறது.

ஜூன் 3, திங்கள்

குழந்தையம்மாள் இன்று வேலைக்கு வந்தது. எனக்கு அடுத்த மிஷின். கை நேராகப் போகிறது, பழகிக்கொள்ளும். நூல் கோத்துக் கொடுத்தேன், பாதம் மாற்றக் காட்டினேன். மதியம் அதன் தூக்குப்போசியில் இருந்து கொள்ளுப் பருப்பு எடுத்து என் தட்டில் வைத்தது.

டீக்குத் தம்பி படித்தார். அந்தக் காலத்தில் தண்ணீரைப் போலவே சின்னப்பிள்ளை முதல் பெரியவர் வரைக்கும் லேசான பீர் குடிப்பார்களாம், காலைச் சோற்றுக்கே. படித்த பிறகுதான் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்கு உறைத்தது. போனை மடியில் வைத்துக்கொண்டார். லோகப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

குழந்தையம்மாள்தான் பேசியது. "எங்கூட்டுக்காரரு அந்தக் காலத்துல பொறந்திருக்கோணுமுங்க" என்றது. சொல்லிவிட்டு எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தது. புதுசாக வேலைக்கு வந்தவள், எங்களோடு சேர்ந்துகொள்ளப் பார்க்கிறாள். அது எனக்குத் தெரிந்தது. இப்படி ஒருத்தர் ஒன்றைச் சொன்னால் அதற்கு மேலே ஒன்றை வைக்க வேண்டியது நான். எல்லாரும் காத்திருந்தார்கள். தம்பியும்.

ஒன்று சொன்னேன்.

எல்லாரும் சிரித்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு கொட்டகை அப்படிச் சிரித்தது. குழந்தையம்மாளும் சிரித்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. டீ நேரம் ஐந்து நிமிடம் கூடினது.

நான் என்ன சொன்னேன் என்று இதில் எழுதவில்லை.